அலை அறியாத எல்லை

1970-ஆம் ஆண்டு நவம்பரில் வங்கக் கடலோரத்தைச் சூறையாடிய பெரும்புயலுக்குப் பின்னர், ஹரியாபங்கா நதியின் முகத்துவாரத்தில் ஒரு மணல்திட்டு தலைதூக்கிற்று. இந்தியர் நியூ மூர் என்றும் வங்காளதேசத்தார் தென் தல்பட்டி என்றும் அழைத்த அத்திட்டில் எவரும் குடியிருந்ததில்லை. எனினும் 1981-இல் போர்க்கப்பல் வந்து நிற்குமளவுக்கு அதன் பொருட்டு விவாதம் முற்றிற்று. 2010-இல் அது நீரில் அமிழ்ந்துவிட்டதென்று ஜாதவ்பூர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். உரிமை கோரிய இருவரும் கரையில் நிற்க, கோரிய பொருளைக் கடல் எடுத்துக்கொண்டது.

இதைக் கண்டு, ஜகத்து அநித்தியம், பற்றை விடுக என்று வேதாந்தம் பேசி அமைந்துவிடலாமா? விடியுமுன் தோணியிறக்கி, வலையில் விழும் மீனை நம்பி வீட்டில் உலை வைக்கும் மீனவனுக்கு அந்நீர் மாயையன்று, ஜீவனம். பற்றோடு வாழ்ந்தே தீரவேண்டிய இரு அயலார், அதர்மம் புகாமல் பங்கிட்டுக்கொள்வது எங்ஙனம் என்பதே இங்கு எழும் மெய்யான தத்துவ வினா.

இவ்விரு நாடுகளின் கடலெல்லை வழக்கில், 2014 ஜூலை 7 அன்று, ஹேக் நகரத்து நடுவர் மன்றம், வங்காளதேசத்தின் கரை உட்குழிந்து வளைந்திருப்பதால் இரு கரைகளுக்கும் சமதூரத்தில் செல்லும் கோடு அந்நாட்டின் கடலைக் குறுக்கிவிடும் என்று கண்டு, அக்கோட்டைத் திருத்தி, வழக்கிலிருந்த ஏறக்குறைய 25,600 சதுர கிலோமீட்டரில் 19,400-க்கும் மேற்பட்ட பரப்பை அந்நாட்டுக்கு உரியதாக்கிற்று. ஒரு சிறு பகுதியில், கடலடி நிலம் வங்காளதேசத்தைச் சேர, அதன்மேல் நிற்கும் நீரின்மீது இந்தியாவுக்குள்ள உரிமையைக் குறைக்காமல் விட்டது. வலிமையிற் பெரிய தேசம் இத்தீர்ப்பை ஏற்றுக்கொண்டதை ஒரு தவமாகவே நான் மதிக்கிறேன்.

ஹரியாபங்கா நதி கடலில் கலக்கும் சுந்தரவனத்தில் இத்தவம் புதிதன்று. தேனெடுக்கக் காடு புகும் இந்துவும் முஸ்லிமும் ஒருங்கே வணங்கும் வனதேவியான போன்பீபி, புலியுருக்கொண்டு மனிதரை வதைத்த தக்கிணராயனை அடக்கிய பின்னரும் அவனை அழிக்காமல், காட்டில் ஒரு பகுதியை அவனுக்கே விட்டு எல்லை வகுத்தாள் என்பது அம்மக்களின் ஐதிகம். வெறுங்கையோடும் தூய மனத்தோடும் வருவோரையே அவள் காப்பாள் என்பது அவர்தம் விசுவாசம். எல்லையைப் பிறரைத் தடுக்கும் வேலியாக நாம் எண்ணியிருக்க, அவர்களோ அதைத் தம் ஆசைக்குத் தாமே பூணும் விரதமாகக் கொண்டனர். கடலில் வகுத்த கோட்டை அலை அறியாது; அதன்மேல் தோணி விடுகிறவனும் அவனை ஆளும் அரசும் அந்த விரதத்தை அறிந்திருந்தாலன்றி அக்கோடு நிலைபெறாது.