தேவைக்குப் பிடித்த கை

தருமபுரி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. ஆனாலும் இங்குள்ள கத்தோலிக்கக் குடும்பங்களில் சவரிமுத்து, சவரியம்மாள் என்ற பெயர்கள் சாதாரணம். கப்பலில் வந்து, கடற்கரை ஊர்களில் அலைந்து, சீனக் கரையோரத் தீவொன்றில் உயிர்விட்ட சவேரியாரின் பெயர் அது. இந்த வறண்ட மேட்டுக்காட்டில் அவர் கால் வைத்ததே இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் இந்தப் பகுதியையும் உள்ளடக்கிய மைசூர்ச் சீமையில் இயேசு சபைத் துறவிகள் காவி கட்டி, கறி மீன் விலக்கி, சந்நியாசிகளாக நடந்தார்கள். பின்னால் பீரங்கிக் கப்பல் எதுவும் வரவில்லை.

கடற்கரையில் நடந்தது வேறு. அதுதான் சங்கடமான ஒரு கேள்வியைக் கிளப்புகிறது: தேவைக்காக ஏற்றுக்கொண்ட ஒன்று உண்மையான பற்றாக முடியுமா?

1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் முத்துச்சலாபத்தை வைத்துக் கடும் தகராறு. ஜோவான் த குரூஸ் என்ற குதிரை வியாபாரி, போர்ச்சுக்கீசியரிடம் போகச் சொல்லி யோசனை கொடுத்தார். பரதவர்களின் தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போனார்கள். பாதுகாப்பு கிடைத்தது, கூடவே ஞானஸ்நானமும். சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் கிறிஸ்தவர் ஆனார்கள். சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. 1542இல் வந்த சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. ஜெபங்களை உள்ளூர்க்காரர்களை வைத்துத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டினார். அவர் உச்சரிப்பைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்காமலா இருந்திருப்பார்கள்?

பேரம் என்று இதை ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அந்நாளில் முத்துக் குளித்தவர் கல்லில் கால் வைத்து, மூச்சடக்கி, பல பாகம் ஆழத்துக்கு இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழிருந்து இழுப்பு வந்ததும் தூக்க வேண்டும், தாமதித்தால் உயிர் போகும். அதனால் மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று கரையில் சொல்வதுண்டு. அங்கே தேவை எது, நம்பிக்கை எது என்று யார் பிரிப்பது?

வேறொரு கடற்கரையிலும் இப்படிப் பிரித்துப் பார்க்க வழியில்லை: ரோமானியத் துறைமுகமான புத்தெயோலியில் முதல் கிறிஸ்தவர்கள் என்ன காரணத்துக்காகச் சேர்ந்தார்கள் என்பது எழுதிவைக்கப்படவில்லை. எகிப்தின் தானியக் கப்பல்கள் வந்து நின்ற ஊர் அது. கி.பி. 60 வாக்கில் கைதியாக வந்திறங்கிய பவுல் அங்கே ஏற்கெனவே சகோதரர்களைக் கண்டு ஏழு நாள் தங்கினார் என்கிறது அப்போஸ்தலர் பணி. கொண்டுவந்தவர் வியாபாரியோ, மாலுமியோ, அடிமையோ, பெயர் இல்லை. அப்போஸ்தலர் வருமுன்பே சபை இருந்தது, அவ்வளவுதான்.

தருமபுரியிலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறுகிறவர்களில் ஆசைப்பட்டுப் போகிறவர் எத்தனை பேர்? மழை பொய்த்தது, கடன் நெருக்கியது, போனார்கள். இருபது வருஷம் கழித்து, எது உன் ஊர் என்று அவர்கள் பிள்ளையைக் கேட்டால் வேறு பதில் வரும். போன காரணத்தைக் காட்டி அந்தப் பதிலைப் பொய் என்று சொல்ல முடியாது.

பரதவர்கள் விஷயத்தில் சோதித்துப் பார்க்கவும் வரலாறு ஒரு வாய்ப்புத் தந்தது. அந்த வாய்ப்பு வருவதற்குள் வேர் ஓரளவு இறங்கியிருந்தது. இயேசு சபைத் துறவியான அண்டிரிக் அடிகளார் தமிழைக் கற்று, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற நூலை அச்சிட்டார். அந்த அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தது இந்தக் கரை மக்கள்தான். 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். போர்ச்சுக்கீசியர் பாதுகாப்பு போயிற்று. புதிய எஜமானர்கள் புராட்டஸ்டண்டுகள், கத்தோலிக்கத்தை விடச் சொல்லி வற்புறுத்தவும் செய்தார்கள். லாபக் கணக்கு மட்டுமே காரணம் என்றால், மாறுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

மாறவில்லை. டச்சுக்காரர்களால் அதற்கு மேல் நெருக்கவும் முடியவில்லை. முத்து வேண்டுமென்றால் மூழ்குகிறவர்கள் வேண்டும், அது இரண்டு தரப்புக்கும் தெரியும். தூத்துக்குடியில் பனிமய மாதா ஆலயம் 1713இல் எழும்பியபோது துறைமுகம் இன்னும் டச்சுக்காரர் கையில்தான் இருந்தது.