பூட்டு விழுந்திருக்கும்

ஒஹாயோ மாநிலத்தில் ஒரு டிரக் நிறுத்துமிடம். சனவரி மாத இரவு. எடைமேடையிலிருந்து இறங்கிச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். முன்னச்சில் 11,100 பவுண்டு, இழுவை அச்சுகளில் 34,700, டிரெய்லரின் பின்னச்சுகளில் 33,600. மொத்தம் 79,400. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் அனுமதிக்கும் 80,000 பவுண்டுக்குள் அடங்கிவிட்டது. ஆனால் இரட்டை அச்சுக்கு 34,000தான் எல்லை. இழுவை அச்சுகளில் 700 பவுண்டு மிஞ்சி நின்றது. அதை முன்னச்சுக்கு மாற்ற வேண்டும்.

அதற்குத்தான் நகரும் ஐந்தாம் சக்கரம் இருக்கிறது. குதிரை வண்டிக் காலத்துப் பெயர் அது. முன்னச்சின் மேல் படுக்கைவாட்டில் கிடந்து வண்டியைத் திரும்ப விட்ட வளையத்தை ஐந்தாவது சக்கரம் என்றார்கள். இன்றைய டிரக்கில் அது கிரீஸ் பூசிய கனத்த இரும்புத் தட்டு. டிரெய்லரின் அடியிலிருந்து தொங்கும் இரண்டு அங்குல விட்டமுள்ள முளையை அதன் தாடைகள் கவ்விக்கொள்ளும். பின்னால் வரும் பாரத்தை இழுப்பது அந்த இரண்டு அங்குலம்தான். நகரும் வகையில், தட்டு முழுவதும் பல் வெட்டிய இரண்டு இரும்புத் தடங்களின் மேல் உட்கார்ந்திருக்கும். பக்கத்துக்கொன்றாகப் பூட்டு முளைகள் பற்களுக்குள் இறங்கி அதை நிறுத்தி வைக்கும். தட்டை ஒரு பல் முன்னே தள்ளினால், சுமையைப் பொறுத்துச் சில நூறு பவுண்டு இழுவை அச்சிலிருந்து முன்னச்சுக்குப் போகும்.

அன்று எனக்குத் தொழில் பழக்கிக்கொண்டிருந்தவர் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பைச் சேர்ந்த ஒரு மூத்த ஓட்டுநர். இருபது வருட அனுபவம். அவர் சொல்லித்தந்த வரிசை இன்றும் மாறவில்லை. சமதரையில் வண்டியும் டிரெய்லரும் நேர்கோட்டில் நிற்க வேண்டும். சிவப்புக் குமிழை இழுத்து டிரெய்லர் பிரேக்கைப் பிடிக்க வேண்டும். அதன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். டிரெய்லரின் தாங்குகாலைத் தரை தொடும்வரை இறக்கினால் தட்டின் மேலுள்ள அழுத்தம் குறையும். பிறகுதான் தட்டின் பூட்டு முளைகளை விலக்கும் சுவிட்ச். டிரெய்லரை விடுவிக்கும் கைப்பிடி வேறு, தட்டை நகர்த்தும் பூட்டு வேறு. ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிட்டால் பாரமெல்லாம் தரையில். இரண்டு பக்கமும் பூட்டு விலகியதா என்று பார்த்துவிட்டு வண்டியை மெல்லப் பின்னே எடுக்க வேண்டும். டிரெய்லர் அசையாமல் நிற்பதால், வண்டி பின்னே வர வர, தட்டு வண்டியில் முன்னே போகும். அந்நேரம் இரண்டுக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது.

எல்லாம் செய்தேன். சுவிட்சைப் பழைய நிலைக்குத் தள்ளினேன். அடியில் 'டக்' என்று சத்தம் கேட்டது.

"லொக் விழுந்திட்டுதோ?"

"விழுந்திருக்கும் அண்ணை."

"'விழுந்திருக்கும்' எண்டு சொல்லாதை தம்பி. இறங்கிப் போய்ப் பார்."

குளிர் முகத்தில் அறைந்தது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். வலப்பக்க முளை பல்லுக்குள் ஆழ இறங்கியிருந்தது. இடப்பக்கம், கறுத்த கிரீஸும் மணலும் அப்பிய முளையின் நுனி, பல்லின் விளிம்பில் முட்டி நின்றது. உள்ளே போக இன்னும் ஒரு விரற்கடை பாக்கி. நான் கேட்ட சத்தம் ஒரு பக்கத்துடையது மட்டுமே.

வண்டியை மெல்ல அசைத்ததும் அதுவும் விழுந்தது. இரண்டு நிமிட வேலை. பார்க்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் பயமுறுத்தவில்லை. நானே நினைத்துப் பார்த்தேன். நெடுஞ்சாலையில் முன்னே போகும் கார் சட்டென்று நிற்கிறது, பிரேக்கை மிதிக்கிறேன், மிச்சமிருந்த ஒற்றைப் பூட்டும் விட்டுவிடுகிறது. பாரம் முழுவதும் தடத்தில் முன்னோக்கி ஓடி வருகிறது. அந்தக் காரின் பின்னிருக்கையில் யாராவது உறங்கிக்கொண்டிருப்பார்கள்.

நம் மொழியில் 'விழுந்தது' என்றால் கண்டது. 'விழுந்திருக்கும்' என்றால் ஊகம். வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்திருப்பேன் என்று சொல்லி வெளியே கிளம்புகிறோமே, அதே வகைச் சொல்தான். எழுபது சொச்சம் ஆயிரம் பவுண்டை இன்னொருவர் பிள்ளைகள் போகும் சாலையில் ஓட்டுகிறவனுக்கு அந்த வினைமுற்று ஆகாது.

ஒஹாயோ ஆற்றைக் கடக்கும்போதெல்லாம் சில்வர் பாலம் நினைவுக்கு வரும். 1928இல் திறந்த பாலம். 1967 டிசம்பர் 15ஆம் தேதி மாலை நெரிசலில் வண்டிகளோடு ஆற்றில் விழுந்தது. 46 பேர் மாண்டார்கள். காரணம், அதைத் தாங்கிய இரும்புக் கண்பட்டை ஒன்றில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் ஆழ விரிசல். அந்த இணைப்பைப் பிரிக்காமல் அதை யாரும் பார்த்திருக்க முடியாது. நம்முடைய பூட்டு முளை அப்படிக் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இல்லை. குனிந்தால் தெரிகிறது.

ஏன் குனிவதில்லை என்று ஓட்டுநரை மட்டும் கேட்பது நியாயமாகாது. அமெரிக்காவில் அவருக்கு வேலை தொடங்கிய கணத்திலிருந்து 14 மணி நேரம். அதற்குள் 11 மணி நேரம் ஓட்டலாம். எடை போடும்போதும் கடிகாரம் நிற்காது. கூலியோ பெரும்பாலும் ஓடிய மைலுக்கு. எடைமேடை வரிசையிலும் தட்டை நகர்த்துவதிலும் போன நேரத்துக்குப் பலருக்குக் காசில்லை. துருவும் பனியும் சேர்ந்து தட்டு இறுகிவிட்டால், பொறுமையாகத் தாங்குகாலைச் சரிசெய்வதை விட்டுவிட்டு வண்டியை இடித்து நகர்த்துகிறார்கள். நகர்ந்த பிறகு டிரெய்லரின் மூலை திருப்பத்தில் கேபினில் உரசுமா, தாங்குகால் வண்டிச்சட்டத்தில் தட்டுமா என்று பார்க்கவும் நேரமில்லை. இவற்றுக்கு நடுவே அலுவலகத்திலிருந்து தொலைபேசி அடிக்கிறது: எங்கே நிற்கிறாய், எப்போது கிளம்புவாய்?

அன்று தாங்குகாலை ஏற்றி, மெல்ல இழுத்துப் பார்த்து, மறுபடி எடைமேடை ஏறினோம். முன்னச்சில் 11,900, இழுவை அச்சுகளில் 33,900. அண்ணை சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

டிரக் அலுவலகங்களில் உட்கார்ந்து வண்டிகளை அனுப்பும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தட்டை நகர்த்தப் போகிறேன் என்று ஓட்டுநர் சொன்னால், அடுத்த இருபது நிமிடம் அவரை அழைக்காதீர்கள். அந்த நேரத்துக்கும் கூலி கொடுங்கள்.