எலிக்கும் கணக்கு உண்டு



கிட்டங்கியில் அரிசி மூட்டையைக் கடித்துச் சேதப்படுத்தும் எலியை நாம் பொறி வைத்துக் கொல்கிறோம். தீங்கிழைக்கும் எலியைக் கொல்ல மார்க்கத்தில் அனுமதியும் உண்டு. அப்படியிருக்க, ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானிகள் எலியை என்ன செய்தால் நமக்கென்ன என்று சிலர் கேட்கக்கூடும். இக்கேள்வியை நிறுத்துப் பார்ப்பது நம் கடமை.

அவர்கள் செய்வது யாதெனில்: மூளையில் ஹிப்போகாம்பஸ் என்றொரு பகுதி உண்டு, ஞாபகத்துக்கு அது இன்றியமையாதது. அங்கே ஒரு மரபணு ஆற்றும் வேலையை அறிய விரும்பினர். அதை உடல் முழுவதிலும் நீக்கியபோது குட்டிகள் பிறந்த சிறிது நேரத்தில் மாண்டன. ஆகவே 1996-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சுசுமு டொனெகாவா குழுவினர் வேறு வழி கண்டனர். ஓர் எலியில் அம்மரபணுவின் இருபுறமும் அடையாளம் வைத்தனர். மற்றோர் எலியில், அவ்வடையாளத்தைக் கண்டு வெட்டும் கிரீ என்னும் புரதம் மூளையின் அச்சிறு பகுதியில் மட்டும் உண்டாகச் செய்தனர். இவ்விரு வகையையும் இணைத்துப் பெற்ற குட்டிகள் நன்றாக வளர்ந்தன. ஆனால் தண்ணீர்த் தொட்டியில் மறைந்திருந்த மேடையின் இடத்தைக் கற்றுக்கொள்ள முடியாமல் தடுமாறின.

பொறியில் அகப்படும் எலி நம் பொருளைத் தின்றது. இந்த எலியோ யாருக்கும் தீங்கு செய்யவில்லை. குறையோடு வாழவென்றே மனிதன் அதைப் பிறப்பித்தான். மேலும், கொல்ல அனுமதி இருப்பதால் வதைக்க அனுமதி வந்துவிடாது. அறுக்கும் பிராணிக்கும் வேதனை குறையக் கத்தியைத் தீட்டிக்கொள்ளச் சொன்னவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் கதியையும் அவர்களே எச்சரித்தார்கள்.

அதற்காக இவ்வாராய்ச்சியை முற்றிலும் விலக்கவும் இயலாது. பெற்ற பிள்ளையின் முகமே மறந்துபோன முதியவர்கள் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள்! நோய்க்கு மருந்து தேடுமாறு ஏவியதும் அதே நபிமொழிதான்.

வியாபாரம் கூடுவதற்கு இருதரப்பாரின் சம்மதம் வேண்டும் என்பது நாம் அறிந்த சட்டம். எலி சம்மதிக்கவில்லை, லாபத்தில் அதற்குப் பங்கும் இல்லை. ஆகவே இது வியாபாரமன்று, அமானிதம். அமானிதப் பொருளைத் தேவைக்கு மேல் தொடலாகாது. வேறு வழி இருந்தால் தொடவே கூடாது. தொட்டாலும் வேதனையைக் குறைத்தே தொட வேண்டும்.

நோயைத் தீர்ப்பது வேறு. இருக்கும் அறிவைப் பெருக்க ஆசைப்படுவது வேறு. 1999-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜோ சியன் குழுவினர், ஒரு மரபணுவின் வேலையை மூளையின் முன்பகுதியில் மிகுதியாக்கி, விரைவில் கற்கும் எலிகளை உண்டாக்கினர். உலகம் வியந்தது. 2001-ல் அத்தகைய எலிகளுக்கு நீடித்த வலி அதிகம் என்று வேறோர் ஆய்வில் தெரியவந்தது. வரவை மட்டும் எழுதிய பேரேட்டில் பற்று பின்னால் வந்து சேர்ந்தது.

இக்கணக்கு விஞ்ஞானிகளுடையது மட்டுமன்று. நாளை அந்த மருந்தை வாங்கி நம் தாய்க்கு ஊட்டும்போது நாமும் அதில் கூட்டாளிகளே. வாயில்லா ஜீவனின் கடனை மறவாத உள்ளத்தை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.