பறவை குறைந்த பருவத்தில்

மரபு என்று நாம் மதித்துப் போற்றுபவற்றில் பல, நிறைவின் காலத்தில் வேரூன்றியவை. அந்த நிறைவு குறைந்துபோன ஆண்டில் மரபை எவ்வாறு காப்பது? முன்னோர் செய்ததை அப்படியே செய்வதா? முற்றிலும் நிறுத்திவிடுவதா? அல்லது அவர்கள் செய்ததன் உட்பொருளைத் தேடி, அதனைத் தொடர்வதா? அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் காடை வேட்டையாடும் மக்கள் சில தலைமுறைகளாக இக்கேள்வியை எதிர்கொண்டு வருகின்றனர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வாழும் நமக்கு வேட்டை தொலைவான ஒன்று. ஆயினும் அவர்கள் முன் நிற்கும் கேள்வி நம் சிந்தனைக்கும் உரியதே.

அங்கு வேட்டையாடப்படும் பறவை 'பாப்வைட்' என்னும் காடை. அதன் கூவல் அச்சொல்லைப் போல் ஒலிப்பதால் வந்த பெயர் அது. நீர்நிலைகளை நாடும் வாத்து, தாரா போன்றவற்றினின்று பிரித்துக் காட்டுவதற்காக, காடை, கௌதாரி இனத்துப் பறவைகளை மேட்டுநிலப் பறவைகள் என்று வேட்டைக்காரர் வழங்குவர். பாப்வைட்டின் எடை சுமார் 170 கிராம்தான். குளிர்காலத்தில் பத்து முதல் பதினைந்து காடைகள் ஒரு கூட்டமாக வாழும். இரவில் அவை தரையில் வட்டமாக அமர்ந்து, வால்கள் உள்நோக்கியும் தலைகள் வெளிநோக்கியும் இருக்க, ஒன்றன் வெப்பத்தை மற்றொன்று பகிர்ந்துகொண்டு உறங்கும். பகலில் புல்லிடையே அவற்றைத் தேடிச் செல்லும் வேட்டைநாய், கூட்டத்தின் மணத்தை உணர்ந்த மறுகணமே சிலைபோல் நின்றுவிடும். மனிதர் அருகே சென்றதும் கூட்டம் முழுவதும் ஒருசேரச் சிறகடித்து எழும். சுடுவதற்குக் கிடைப்பவை ஓரிரு நொடிகளே. தந்தை பிள்ளைகளுக்கும், மூத்த நாய் இளைய நாய்க்கும் வயல்வெளியில் நடந்தே கற்றுத்தரும் கலை இது. நூல்களில் படித்து அறியக்கூடியதன்று.

இப்பறவையின் வாழ்வு மிகக் குறுகியது. ஓர் ஆண்டில் பத்துக் காடைகளில் ஏழெட்டு மடிந்துவிடும். பருந்து, பாம்பு, நரி, குளிர், வறட்சி என்று அதன் பகைகள் பல. அதற்கு ஈடாக, பெட்டை ஒரு கூட்டில் பன்னிரண்டு முதல் பதினான்கு முட்டைகள் வரை இடும். ஆதலின் மழை பொய்த்த ஆண்டில் காடைகள் விரைவில் அருகும். மழை பெய்த ஆண்டில் விரைவில் பெருகும். டெக்சாஸ் மாநிலத்தில் இந்த ஏற்ற இறக்கத்தை நன்கு காணலாம். 1978-ஆம் ஆண்டு முதல் அம்மாநில வனவிலங்குத் துறையினர் ஆகஸ்டு மாதந்தோறும் குறிப்பிட்ட சாலைகளில் சென்று, கண்ணிற்படும் காடைகளை எண்ணி வந்துள்ளனர். 2011-ஆம் ஆண்டின் கொடிய வறட்சிக்குப் பின்னர் அந்த எண்ணிக்கை மிகவும் தாழ்ந்தது. நல்ல மழைக்குப் பின் 2015, 2016 ஆண்டுகளில் வியக்கத்தக்க அளவுக்கு மீண்டும் உயர்ந்தது.

இனி அறத்தின் கேள்விக்கு வருவோம். டெக்சாஸில் பல்லாண்டுகளாக ஒருவர் ஒரு நாளில் 15 காடைகள் வரை சுடலாம் என்பது விதி. காடை மிகுந்த ஆண்டிலும் அதே 15. அருகிய ஆண்டிலும் அதே 15. இதற்கு ஒரு நியாயமும் கூறப்படுகிறது: பறவை குறைந்தால் வேட்டைக்குச் செல்வோர் தாமே குறைவர், நாள் முழுதும் நடந்தும் ஒன்றும் அகப்படாதபோது மக்கள் வீட்டிலிருந்து விடுவர், எனவே தனிச்சட்டம் தேவையில்லை. 1930-களில் விஸ்கான்சினில் காடைகளை ஆராய்ந்த பால் எரிங்டன், நிலம் தாங்கும் அளவுக்கு மிஞ்சிய பறவைகள் எப்படியும் மடியக்கூடியவையே என்று கண்டார். அந்த மிச்சத்தை மனிதர் எடுத்தால் இழப்பில்லை என்ற எண்ணம் அதிலிருந்து பரவியது.

இக்கருத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது முழு உண்மையும் ஆகாது. நவம்பரில் சுடப்படும் காடை, குளிர்காலத்தில் மடியவிருந்த ஒன்றாக இருக்கலாம். பிப்ரவரியில் சுடப்படுவதோ குளிரையும் பருந்தையும் வென்று, இனி முட்டையிடுவதற்கென்றே எஞ்சிய பறவை. இரண்டின் விலையும் ஒன்றல்ல. மேலும், டெக்சாஸில் நிலத்தின் பெரும்பகுதி தனியாருடையது. வேட்டைக்காரர் ஏக்கர் கணக்கில் குத்தகைப் பணத்தை முன்னதாகவே கட்டிவிடுகின்றனர். பணம் கட்டியவன் வீட்டில் இருந்துவிடுவானா? 'நான் கொடுத்ததற்கு ஈடாக ஏதேனும் கிடைக்க வேண்டும்' என்ற எண்ணம் எழும்போது, பறவைகள் எவ்வளவு எஞ்சியுள்ளன என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்படுகிறது. சட்டம் குறித்த 15 என்னும் மேல்வரம்பு அப்போது தமக்கு வரவேண்டிய கடன்போல் தோன்றத் தொடங்குகிறது. வரம்பை உரிமையாக மாற்றிக்கொள்ளும் இம்மயக்கம் வேட்டைக்காரருக்கு மட்டும் உரியதன்று. சட்டம் தடுக்கவில்லை என்பதையே செய்யலாம் என்பதற்குச் சான்றாக நாம் எல்லாரும் எத்தனை முறை கொண்டிருக்கிறோம்!

இங்கேதான் மரபின் உண்மையான தோற்றத்தைக் காண்கிறோம். எந்தச் சட்டநூலிலும் எழுதப்படாத சில கட்டுப்பாடுகள் மூத்த வேட்டைக்காரரிடையே வழங்குகின்றன. ஒரு கூட்டத்தில் ஏழெட்டுப் பறவைகளே எஞ்சியிருந்தால் அதன்மேல் சுடலாகாது. சிறிய வட்டம் இரவின் குளிரைத் தாங்காது. மாலை வெயில் சாயுமுன் வேட்டையை முடித்துவிட வேண்டும். சிதறிய காடைகள் ஒன்றையொன்று அழைத்து, இருட்டுமுன் கூடுவதற்குப் பொழுது வேண்டும். அடிபட்டு விழுந்த பறவையைத் தேடிக் கண்டெடுக்காமல் அடுத்ததைச் சுடலாகாது. தெற்கு டெக்சாஸின் ஆய்வாளர்கள், அடிபட்டுப் புதரில் மறைந்து மடிபவற்றையும் சேர்த்து, இலையுதிர்காலத்தில் உள்ள காடைகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கலாகாது என்று அறிவுறுத்துகின்றனர். ஆய்வாளர் கணக்கிட்டுச் சொல்வதும், முதியோர் பழகிச் சொல்வதும் ஒரே திசையில் செல்கின்றன.

குறைந்த ஆண்டில் மரபைக் காப்பதற்கென்று எளிய வழியொன்றும் உண்டு. பண்ணையில் கூண்டுகளில் வளர்த்த காடைகளை வாங்கி, வேட்டை நாளன்று வயலில் விட்டுச் சுடுவது அது. நாய் நிற்கிறது, பறவை எழுகிறது, துப்பாக்கி முழங்குகிறது, பை நிறைகிறது. வெளித்தோற்றத்தில் யாவும் முன்போலவே உள்ளன. ஆனால் நிலத்தில் காடை வாழ்கிறதா என்ற கவலை இனி எவருக்கும் தேவையில்லை. நிலத்தைக் கவனிக்க வேண்டிய கடமையினின்று மரபு கழன்று போகிறது. பையை நிறைக்கும் ஒன்றை மரபு என்று அழைப்போமானால், பண்ணைக் காடையே போதும். நிலத்தோடும் அதன் உயிர்களோடும் தலைமுறைகள் கொண்ட உறவை அப்பெயரால் குறிப்போமானால், பண்ணைக் காடை அதன் நிழலே.

இன்னொரு வழியும் வரலாற்றில் உண்டு. ஜார்ஜியா, புளோரிடா மாநிலங்களின் எல்லையில், தாமஸ்வில் நகரைச் சூழ்ந்த செம்மண் மேடுகளில், 1920-களில் காடைகள் குறைந்து வருவதை நிலவுடைமையாளர் கண்டு கவலையுற்றனர். அவர்களது பொருளுதவியுடன் 1924-ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் ஸ்டோடார்டு என்னும் ஆய்வாளர் பணி தொடங்கினார். 1931-இல் வெளியான அவரது நூல், காடைகள் குறைந்ததற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாக, நெருப்பு நிறுத்தப்பட்டதைக் காட்டியது. நீள் ஊசியிலைப் பைன் காடுகளில் ஓரிரு ஆண்டுக்கொருமுறை மென்மையான தீ படர்ந்தால்தான் புதர் அடங்கும். காடை நடமாடத் தரை திறக்கும். அதற்கு உணவாகும் விதைச்செடிகள் முளைக்கும். எல்லா நெருப்பும் தீமையே என்று வனத்துறையினர் பரப்புரை செய்துகொண்டிருந்த காலம் அது. ஆயினும் அப்பகுதி மக்கள் நெருப்பிடும் வழக்கத்தை முன்பே அறிந்திருந்தனர். பூர்வகுடியினர் அதற்கும் முன்பே அறிந்திருந்தனர். பறவை குறைந்த காலத்தில், 'எங்கள் பங்கு எங்கே?' என்று கேட்பதோடு நில்லாமல், 'இது ஏன் நேர்ந்தது?' என்றும் கேட்டதால் விளைந்த பயன் இது. இன்றும் அம்மேடுகளில் காடைகள் நிலைத்து வாழ்கின்றன.

எனினும், அந்தப் பொற்காலத்தைப் போற்றும்போது ஓர் உண்மையை மறக்கலாகாது. தென்மாநிலங்களில் ஒருகாலத்தில் காடைகள் அத்தனை பெருகியிருந்ததற்கு ஒரு காரணம், ஏழைக் குத்தகை விவசாயிகளின் சிறு சிறு வயல்களும், அவற்றிடையே களை மண்டிய வரப்புகளும் தரிசுகளும் ஆகும். அவர்களுள் பலர் அடிமைத்தளையினின்று மீண்ட கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள். அவர்களுடைய உழைப்பும் வறுமையும் அமைத்த நிலத்தில் செல்வர் வேட்டையாடினர். எனவே 'பழையபடி எல்லாம் திரும்ப வேண்டும்' என்று எவரும் எளிதில் ஏங்கிவிட முடியாது. மரபைப் பெற்றுக்கொள்வோர் அதன் கணக்கையும் சேர்த்தே பெற்றுக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் வேட்டையை நிறுத்திவிடுவதே நேர்மையல்லவா என்று நம்மில் பலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. சில நேரங்களில் அதுவே ஒரே விடை. ஆனால் நிறுத்துவது மட்டுமே காப்பாற்றிவிடும் என்று எண்ணவும் இயலாது. அமெரிக்காவின் கீழ்க்கரையில் வாழ்ந்த 'ஹீத் ஹென்' என்னும் புல்வெளிக்கோழி, மட்டற்ற வேட்டையாலும் நில அழிவாலும் கடைசியில் மார்த்தாஸ் வின்யார்டு என்ற ஒரே தீவில் எஞ்சியது. 1908-இல் அதற்கெனக் காப்பகம் அமைத்தனர். எண்ணிக்கை சுமார் 2,000 வரை உயர்ந்தது. 1916-இல் பெருந்தீ, அதன்பின் கடுங்குளிர், நோய். 1932-இல் கடைசிப் பறவையும் கண்ணிலிருந்து மறைந்தது. கட்டுப்பாடு காலந்தாழ்ந்து வந்தது. பாப்வைட்டின் நிலையும் எச்சரிக்கைக்கு உரியது. 1966-இல் நாடளாவிய பறவைக் கணக்கெடுப்பு தொடங்கிய நாள்முதல் அதன் எண்ணிக்கை ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் குறைந்துள்ளது. இதற்குப் பெருங்காரணம் துப்பாக்கி அன்று. வரப்பில்லாத பெருவயல்களும், நெருக்கமாக நடப்பட்ட மரங்களும், காடை நடக்க இடம்விடாத அயல்நாட்டுத் தீவனப்புல்லும்தான். துப்பாக்கியைத் தொடாதவரும் இவற்றின் விளைச்சலை உண்கின்றனர். மறுபுறம், 1937-ஆம் ஆண்டின் ஒரு சட்டப்படி, துப்பாக்கிகள், ரவைகள் மீது விதிக்கப்படும் வரி வனவிலங்குப் பணிகளுக்குச் செல்கிறது. குறைந்த ஆண்டில் எல்லாரும் விலகிக்கொண்டால், நிலத்தின்மேல் கவலை கொண்டோர் தொகையும் குறைந்துவிடும். இந்த இக்கட்டை எள்ளி நகையாட முடியாது.

பறவை பிடிப்போருக்கென மறைநூலில் ஒரு சிறு கட்டளை உண்டு. வழியில் பறவைக்கூட்டைக் காண்பவன் குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தாயையும் சேர்த்து எடுக்கலாகாது, அதனைப் போகவிட வேண்டும் என்கிறது இணைச்சட்டம் 22-ஆம் அதிகாரம். எடுப்பதை அது முற்றிலும் விலக்கவில்லை. எடுப்பவனின் கை எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுகிறது. இக்கட்டளையோடு சேர்ந்து வரும் வாக்குறுதி நம் கவனத்துக்கு உரியது. நலமும் நீடிய வாழ்வும் என்பதே அது. அதே நூலில் தாய் தந்தையரை மதிப்போருக்கும் அவ்வாக்குறுதியே அளிக்கப்படுகிறது. நமக்கு முன் வந்தோரை மதிப்பதும், நமக்குப் பின் பிறக்க வேண்டியவற்றின் தாயை விட்டுவிடுவதும் ஒரே தட்டில் வைக்கப்பட்டுள்ளன. முன்னோர் பெயரால் தாய்ப்பறவையையும் எடுத்துக்கொள்பவன், முன்னோரை மதித்தவன் ஆகமாட்டான்.

ஆதலின் குறைந்த பருவத்தில் மரபைக் காப்பதற்குரிய வழி மூடிக்கிடக்கவில்லை என்று நாம் கருதுகிறோம். தந்தை தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வயலுக்குச் செல்லலாம். இளைய நாய், கூட்டத்தின் மணத்தைக் கண்டு நிற்கக் கற்கலாம். எழுந்து பறக்கும் காடைகளை எண்ணி, அவை எத்தனை என்று குறித்து வைக்கலாம். துப்பாக்கி தோளிலேயே இருக்கலாம். ஏன் சுடவில்லை என்று பிள்ளை கேட்டால், அதற்கு விடை சொல்லும் பொழுதே அந்த ஆண்டின் மிகச் சிறந்த பாடம் நடைபெறும். பிப்ரவரி முடிந்ததும் புதரைத் திருத்துவதிலும், உரிய காலத்தில் அளவோடு தீயிடுவதிலும், வரப்போரம் ஒரு பகுதியை உழாமல் விடுவதிலும் அப்பிள்ளையின் கையும் சேரலாம். நிறைந்த ஆண்டில் மட்டுமே வயலைப் பார்த்த பிள்ளை சுடுவதைக் கற்றிருக்கும். குறைந்த ஆண்டிலும் நடந்த பிள்ளையோ, எப்போது சுடலாகாது என்பதையும் கற்றிருக்கும்.

ஓர் உயிரைக் கொல்வது தகுமா என்ற பெருங்கேள்வி இதனால் தீர்ந்துவிட்டது என்று நாம் கூறவில்லை. ஒன்றை மட்டும் உறுதியாகக் கூறலாம். மரபு என்ற பெயர் எந்தச் செயலையும் தானாகவே நியாயமாக்கிவிடாது. பெற்றதைப் பின்வருவோருக்குக் குறையாமல் கொடுப்பவரே அப்பெயரைச் சொல்லும் தகுதி உடையவர். குளத்து நீரையும் கடலின் மீனையும் ஆற்றின் மணலையும் முன்னோர் வழியாகப் பெற்றுக்கொண்ட நாமும், குறைந்த ஆண்டுகளில் நம் கை எங்கே நின்றது என்று நம்மையே கேட்டுக்கொள்வது நன்று.