பொறுப்பை விடுவது பின்வாங்குதலா?



இந்த மாதம் நான் உங்களுக்குப் போதிக்க எழுதவில்லை. நான் சொன்ன ஒன்றைத் திருத்திச் சொல்ல எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு ஆராதனையில், கலப்பையில் கை வைத்தவன் திரும்பிப் பார்ப்பதைக் குறித்துப் பிரசங்கித்தேன். "பள்ளிக்கூடத்தில் கொடுத்த பொறுப்பையே பாதியில் விடுகிற பிள்ளைகள் நாளைக்கு ஊழியத்தில் எப்படி நிலைப்பார்கள்?" என்று சத்தமாய்க் கேட்டேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் பூம்புகார் ஒரு காலத்தில்தான் பெரிய பட்டணம். இன்றைக்கு எல்லாரையும் எல்லாருக்கும் தெரிந்த ஊர். முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்த என் மகளைத்தான் சொல்கிறேன் என்று சபைக்கே தெரியும். குனிந்த அவள் தலை ஆராதனை முடியும்வரை நிமிரவில்லை.

நடந்தது இதுதான். பதினொன்றாம் வகுப்பில் அவளை மாணவர் தலைவியாகத் தெரிந்தெடுத்தார்கள். "பாஸ்டர் மகள்தான் ஸ்கூல் லீடர்" என்று கடைத்தெருவில் நாலு பேர் சொல்லும்போது எனக்கு அது தேனாய் இனித்தது. அரைப் பரீட்சை முடிந்ததும் அவள் பேட்ஜைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். காரணம் கேட்டேன். ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் முளைக்கிற கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, பொடுதலை, வல்லாரை எல்லாவற்றையும் படம் வரைந்து, களையெடுக்கிற அம்மாமார்களிடம் கேட்டு, பேரும் குணமும் எழுதி வைத்திருந்தாள்.

"லீடர் ஆனதிலேர்ந்து இதுல ஒரு பக்கம்கூட ஏறலப்பா. தினம் காலையில அசெம்பிளி, சனிக்கிழமை மீட்டிங். எல்லாரையும் பாத்து சத்தம் போட்டுக்கிட்டே இருக்கேன். எனக்கு இதுதாம்ப்பா பிடிச்சிருக்கு" என்றாள்.

"பிடிச்சதைச் செய்யுறதுக்குப் பேரு சுயம்!" என்று சீறினேன். தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியக்காரனையும் இழுத்து அவள் வாயை அடைத்தேன். அது போதாதென்று பிரசங்கபீடத்திலும் ஏற்றினேன்.

பிறகு ஒரு கூட்டத்துக்காகத் தஞ்சாவூர் போயிருந்தபோது, மூத்த ஊழியர் ஒருவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் மெதுவாய்ச் சிரித்து, "தம்பி, இந்த ஊர்ல ஆபிரகாம் பண்டிதர் பேர்ல ஒரு ரோடு இருக்கே, அவர் யாருன்னு தெரியுமா?" என்று கேட்டார். "கீர்த்தனை எழுதினவர்தானே ஐயா" என்றேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன்.

பிரியமானவர்களே, ஆபிரகாம் பண்டிதர் 1859-ல் தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி பெற்றார். தஞ்சாவூருக்கு வந்து அவரும் அவர் மனைவியும் லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் பொறுப்பேற்றார்கள். அந்த நாளில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக்கு இதைவிட மதிப்பான இடம் எது? ஆனாலும் 1890-ல் பண்டிதர் அந்த வேலையை விட்டுவிட்டார். எதற்காக? மூலிகைக்காக! சித்த வைத்தியம் அவர் உள்ளத்தை இழுத்தது. மருந்து செய்தார். தஞ்சைக்கு வெளியே தோட்டம் போட்டுச் செடி வளர்த்தார். அவருடைய கோரோசனை மாத்திரை இலங்கை, பர்மா வரைக்கும் போனது. 1909-ல் அரசாங்கம் ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது.

அதோடு நிற்கவில்லை. மருந்தில் வந்த பணத்தை இசையில் போட்டார். 1912 முதல் தஞ்சாவூரில் இசை மாநாடுகளைத் தன் சொந்தச் செலவில் கூட்டினார். நம்முடைய புகாரில் மாதவி அரங்கேறியதைச் சொல்லுகிற சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைத் துருவித் துருவி ஆராய்ந்தார். 1916-ல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் தன் முடிவுகளை வைத்தார். 1917-ல் கருணாமிர்த சாகரம் என்ற புத்தகம் ஆயிரம் பக்கங்களுக்கு மேலாக வெளிவந்தது. 1919-ல் அவர் காலமானார். தமிழிசையை ஆராய்கிறவர்கள் இன்றைக்கும் அந்தப் புத்தகத்தைத் தாண்டிப் போக முடியாது.

இதை வாசித்தபோது என் மனசாட்சி என்னைக் குத்தியது. மண் என்றால் சோம்பல் என்றுதான் இதுவரை பிரசங்கித்து வந்தேன். ஆனால் ஒரு பதவியும் தாலந்தைப் புதைக்கிற மண்ணாகலாம் அல்லவா? யாத்திராகமம் 31-ம் அதிகாரத்தைப் பாருங்கள். அங்கே தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவனாகச் சொல்லப்படுகிற பெசலெயேல், ஜனத்தை நடத்துகிற தலைவன் அல்ல. பொன்னிலும் மரத்திலும் கைவேலை செய்கிறவன். அவனுக்கு அந்த வேலையில் இருந்த பிரியத்தை நாம் சுயம் என்று சொல்லுவோமா?

ஆனால் இங்கே ஒரு கேள்வி என்னை விடவில்லை. 1917-ல் புத்தகம் வந்ததால்தானே பண்டிதர் செய்தது சரி என்கிறோம்? 1890-ல் அது யாருக்குத் தெரியும்? இருபத்தேழு வருஷம்! நடுவிலே அவர் மரித்திருந்தால், தோட்டம் காய்ந்திருந்தால், வேலையை விட்டது பாவமாகிவிடுமா? ஆகாது. பலனை வைத்து நியாயந்தீர்த்தால், ஜெயித்தவன் எல்லாம் நீதிமான், தோற்றவன் எல்லாம் பாவி என்று ஆகிவிடும். அது உலகத்தின் கணக்கு. என் மகளின் நோட்டும் கடைசிவரை ஒரு நோட்டாகவே இருந்துவிடலாம். அதற்காக அவள் செய்தது தப்பாகிவிடாது.

அப்படியானால் எதை வைத்து நிதானிப்பது? யோனாவும் விட்டுப் போனவன்தானே? ஜெபத்தோடு நான் கண்டுகொண்ட மூன்று காரியங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, ஒப்படைத்துவிட்டுப் போகிறோமா, ஓடிப் போகிறோமா? பொறுப்பை ஏற்க ஆளே இல்லாதபோது விடுவது வேறு. தோள் கொடுக்க ஒருவர் காத்திருக்கும்போது இடம் விடுவது வேறு.

இரண்டாவது, போகிற இடத்தில் பாடு குறைவா, அதிகமா? கஷ்டத்துக்குப் பயந்து விடுகிறவன் நிழலைத் தேடுவான். பண்டிதர் பள்ளிக்கூட நிழலை விட்டு வெயிலில் தோட்டத்துக்குப் போனார்.

மூன்றாவது, விட வேண்டாம் என்று தடுக்கிறவர்கள் எதற்காகத் தடுக்கிறார்கள்? இது என்னைப் போன்ற தகப்பன்மாருக்கு. நான் காப்பாற்றப் பார்த்தது பள்ளிக்கூடத்தை அல்ல, கடைத்தெருவில் கிடைத்த என் பேரை.

ஒரு ராத்திரி மகளைக் கூப்பிட்டு, அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "பாப்பா, யார்கிட்ட பொறுப்பைக் கொடுத்துட்டு வந்தே?"

"எனக்குத் துணையா இருந்த பிள்ளைகிட்டப்பா. பாதி வேலை அவதான் செஞ்சா. அவளுக்கு ஆசையும் உண்டு. எது எது எப்ப செய்யணும்னு ரெண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். டீச்சர்கிட்ட ஒரு மாசம் முன்னாடியே சொல்லிட்டேன்" என்றாள். பிறகு, "நீங்க கேக்கவே இல்லியேப்பா" என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தைக்கு என்னிடத்தில் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். பிரசங்கபீடத்தில் சபைக்கு முன்பாக அவளைக் குனிய வைத்தவன், வீட்டுக்குள் மட்டும் மன்னிப்புக் கேட்டால் போதாது. ஆகையால் இதை உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன்.

இப்போது சனிக்கிழமைகளில் வரப்புக்குப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போகிறாள். பாதிச் செடிகளின் பெயர் எனக்குத் தெரியவில்லை. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்ளுகிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை பேட்ஜைக் கழற்றி வைத்துவிட்டு வந்து நிற்கலாம். தயவுசெய்து முதலாவது கேளுங்கள். பிரசங்கத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கர்த்தர் தாமே நம் எல்லாருக்கும் கேட்கிற செவியைத் தருவாராக. ஆமென்.