திருவருளும் உயிரின் அன்பும்

"அன்பும் திருவருளாலேயே விளைவதாயின் அதனை உயிரின் அன்பென்றல் யாங்ஙனம்? இறைவன் தன்னைத் தானே நேசித்தான் என்றன்றோ முடியும்?" எனப் பாடங் கேட்கும் மாணவர் ஒருவர் எம்மை வினவினார். யாம் அவரைக் கடிந்து வாயடக்கினேம். அவ்வினா தள்ளற்பாலதன்றென்பது பின்னரே புலனாயிற்று. உயிர்க்கு உரிமையில்லையெனின் அன்பு பொறியின் அசைவாய் ஒழியும். உயிர் தானே அன்பு செய்ய வல்லதெனின் திருவருள் வேண்டாததாய் ஒழியும். இவ்விரு குற்றமும் வாராமற் பொருள்கொள்ளுமாறு ஈண்டு ஆராய்வாம்.

சேக்கிழார் அருளிய கண்ணப்பர் வரலாறு இதற்குத் துணைசெய்யும். திண்ணனார் நாணனோடு திருக்காளத்தி மலையேறினார். குடுமித்தேவரது அருணோக்கம் எய்தலும் முன்னைத் தன்மை நீங்கி அன்புருவாயினார். உடனின்ற நாணனோ அவர் மயல்கொண்டார் என்றே கருதினான். மலை ஒன்று, அருளும் ஒன்று, வேறுபாடு பக்குவத்தாலாயிற்று. ஞாயிற்றின் ஒளி குளமெங்கும் பரந்ததாயினும் முதிர்ந்த முகையே அலரும். இளமுகை அவ்வொளியாலேயே முதிர்ச்சி எய்தும்.

அற்றேல், பக்குவமுற்ற உயிரை அருள் வலிந்து ஈர்த்தது எனலாமோ? ஆகாது. ஆறாம் நாள் இறைவனது திருக்கண் ஒன்றில் உதிரம் பெருகியபோது திண்ணனார் செய்தவற்றை நோக்குக. ஊறு செய்தாரைத் தேடினார். காணாராய்ப் பச்சிலை மருந்து கொணர்ந்து பிழிந்தார். அதனானும் உதிரம் நில்லாமையின் ஊனுக்கு ஊனே மருந்தென்னும் பழமொழியை நினைந்தார். அதன்பின்னரே தங் கண்ணை அம்பினால் அகழ்ந்து அப்பினார். இறைவன் துயரைக் காட்டினான். கண்ணைக் கொடுவென்று ஏவினானல்லன். தேடியதும் எண்ணியதும் துணிந்ததும் திண்ணனாரே. மற்றைக் கண்ணையும் அகழப் புக்கபோது இறைவன் தன் கையாற் பிடித்துத் தடுத்தருளினான். ஏவப்பட்ட செயலாயின் தடுத்தல் வேண்டாவன்றோ?

அங்ஙனமாயின் அருள் செய்தது என்னை? எனின், சிவஞானபோதம் பதினோராஞ் சூத்திரத்து மெய்கண்டார் கூறிய உவமம் விடையாம். உயிர் கண்ணுக்குக் காட்டித் தானும் உடன் காணுமாறுபோல, இறைவன் உயிர்க்குக் காட்டித் தானும் உடன் காண்கின்றான். உயிரின்றிக் கண் காணாது. அதுபற்றிக் கண் காணவில்லை என்பாரில்லை. அவ்வாறே அருளின்றி அன்பு நிகழாது. ஆயினும் அன்பு செய்வது உயிரே. ஆணவத்தாற் கட்டுண்ட இச்சையை அருள் அழிப்பதன்று, விடுவிப்பது. தளை நீக்கினவன் பிறனாயினும் நடப்பவன் நீங்கப்பெற்றவனே.

இதனாற் போந்த கடப்பாடொன்று பாடஞ் சொல்வார்க்கும் உண்டு. எல்லாம் வல்ல இறைவனே அன்பை வலிந்து பெறாது உயிரின் பக்குவம் நோக்கி நிற்பானாயின், நாம் அச்சங் காட்டி மாணவரைப் பத்திக்கண் உந்துதல் அடாது. அச்சத்தாற் றாழ்ந்த தலை வணங்கியதாகாது. ஐயத்தை அகற்றலும் சரியை கிரியைகளில் உடனிருந்து பழக்கலுமே நம் பணி. மலர்தல் அவரவர் பருவத்தது. கடிந்துரைத்த அம்மாணவரை மீண்டும் அழைத்து இவ்விடையைக் கூறினேம். அவர் பின்னும் ஒரு வினா வினவினார். இம்முறை மகிழ்ந்து கேட்டேம்.