ரூஹ் வரும் முன்னும் பின்னும்

திருக்குர்ஆனின் 23ஆம் அத்தியாயம் கரு வளர்வதைப் படிப்படியாகச் சொல்கிறது. துளி, ஒட்டிக்கொள்ளும் கட்டி, சதைத்துண்டு, எலும்பு, எலும்பைப் போர்த்தும் தசை. அதன்பின் வேறொரு படைப்பு. அந்தக் கடைசிப் படிக்கு வரும்போதெல்லாம் ஓதுவதை நிறுத்திவிடுகிறேன். தசை மனிதனாகும் அந்தக் கணம் அல்லாஹ்வின் அறிவில் இருக்கிறது.

*

இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் அதற்கொரு கணக்கு உண்டு. மூன்று நாற்பதுகள் கழிந்தபின் வானவர் வந்து ரூஹை, அதாவது உயிரை, ஊதுகிறார். 120 நாள். அதற்குப் பிறகு கருவைக் கலைப்பது ஹராம் என்பதில் நான்கு மத்ஹபுகளும் (சட்ட மரபுகளும்) ஒன்றுபடுகின்றன. தாயின் உயிருக்கே ஆபத்து என்றால், தாய் வேர், சேய் கிளை, கிளைக்காக வேரை இழக்கலாகாது என்கிறார்கள் இக்கால அறிஞர்கள்.

*

120க்கு முன் கருத்துகள் பிரிகின்றன. ஹனஃபிகளில் பலர் இடம் தருகிறார்கள். தக்க காரணம் வேண்டும் என்போரும் உண்டு. ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் குறிப்பிடும் காரணம் ஒன்று என்னை உலுக்குகிறது: கைக்குழந்தை இருக்க மறுபடி கருவுற்றுப் பால் வற்றிப்போன தாய், பாலூட்ட வேறொருத்தியை அமர்த்த வசதியில்லாத தகப்பன். அந்த வீட்டின் இல்லாமை சட்ட நூலில் ஏறியிருக்கிறது. மாலிகிகளில் பெரும்பாலோர் தொடக்கத்திலிருந்தே தடுக்கிறார்கள். ஷாஃபிஈ இமாமான கஸ்ஸாலி, கரு தரித்ததுமே கலைப்பது குற்றமாகிறது, வளர வளர அக்குற்றம் கனக்கிறது என்கிறார்.

தமிழ் முஸ்லிம்களில் ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் கலந்தே வாழ்கிறோம். ஒரே தெருவில் இரண்டு பெண்களுக்கு இரண்டு பதில் கிடைக்கலாம். இரண்டும் இறையச்சத்தோடு எட்டிய பதில்களே.

*

மருத்துவர் கருவின் வயதைக் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுகிறார். ஃபிக்ஹ் கரு தரித்ததிலிருந்து எண்ணுகிறது. 120 நாள் என்பது ஸ்கேன் அறிக்கையில் ஏறக்குறைய 19 வாரம். உறுப்புக் குறைபாடுகளைப் பார்க்கும் ஸ்கேன் எடுப்பதோ வழக்கமாக 18 முதல் 20 வாரத்தில். 1990இல் மக்காவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் கவுன்சில், குணப்படுத்த முடியாத கடுங்குறைபாட்டை நம்பகமான மருத்துவர்கள் உறுதிசெய்து பெற்றோரும் கேட்டால், 120 நாளுக்குள் கலைக்கலாம் என்றது. ஆக, செய்தி காதில் விழும் வாரத்திலேயே அவகாசமும் முடிகிறது. கடுங்குறைபாட்டை மருத்துவ வாரியம் உறுதிசெய்தால் இந்தியச் சட்டத்தில் 2021 திருத்தத்துக்குப் பின் வார வரம்பு இல்லை. சட்டம் தரும் அவகாசத்தையும் மார்க்கம் தரும் அவகாசத்தையும் அந்தத் தாய் ஒரே நெஞ்சில் சுமக்கிறாள்.

*

வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்கிறது 17ஆம் அத்தியாயம். உணவளிப்பவன் தானே என்று இறைவன் அங்கே பொறுப்பேற்கிறான். அந்த உணவு பெரும்பாலும் மனிதர் கை வழியாகத்தான் வந்து சேர்கிறது. ஸகாத் கடமையானவரும் ஊர் ஜமாஅத்தும் கைமூடி இருந்துகொண்டு, இல்லாத வீட்டுப் பெண்ணிடம் மட்டும் இந்த வசனத்தைச் சொல்வது நீதியாகாது.

*

கலங்கிய முகத்தோடு ஒரு பெண் உங்களிடம் வந்தால், முதலில் அவள் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். எத்தனை நாள் ஆகிறது என்று விசாரியுங்கள். மருத்துவரிடமும் விவரமறிந்த ஆலிமிடமும் தாமதிக்காமல் அழைத்துப் போங்கள். பிள்ளையைப் பெற்றெடுக்க அவள் துணிந்தால், அதன் பால் செலவில் உங்கள் பங்கு என்ன என்பதை அன்றே சொல்லிவிடுங்கள்.